புதுமுக ஓட்டுநருக்கு எத்தனை கிலோமீட்டர்?

2010 மார்ச் மாதம், பஹ்ரைன். ஹெச்ஆர்டி என்ற புதிய அணி, சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டம் ஒன்றில்கூடக் கலந்துகொள்ளாமல் ஆண்டின் முதல் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பயிற்சி நேரம் முழுவதும் அந்த அணியின் இந்தியப் புதுமுக ஓட்டுநர் கருண் சந்தோக்கின் கார் கராஜை விட்டு வெளியே வரவில்லை; மெக்கானிக்குகளுக்கு அதைப் பூட்டி முடிக்கவே நேரம் போதவில்லை. அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியது, பந்தயத்தில் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில்தான். பிரேக் எந்த இடத்தில் கடிக்கிறது, டயர் எத்தனையாவது வளைவில் சூடேறுகிறது, கியர் எப்படி விழுகிறது என்பதையெல்லாம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 24 கார்களில் 24ஆவது இடம் கிடைத்தது. மறுநாள் பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஓடுதளத்தின் மேடு ஒன்றில் கார் தடுமாறி, அவர் போட்டியிலிருந்து வெளியேறினார். அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்துகொண்டு "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று உதட்டைப் பிதுக்கியவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

புதுமுக ஓட்டுநர்களுக்கு மட்டும் கூடுதல் சோதனை ஓட்டம் அனுமதிப்பது நியாயமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகுதிச் சுற்றுதான் நினைவுக்கு வருகிறது. எதிர்ப்பவர்களின் வாதம் எளிமையானது: களத்தில் இறங்கிவிட்டால் எல்லாரும் ஒன்றுதான், ஒருவருக்குக் கூடுதல் நாள் கொடுப்பது மற்றவருக்கு இழைக்கும் அநீதி. கேட்பதற்கு நேர்மையாக ஒலிக்கும் இந்த வாதத்தைக் கிலோமீட்டர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் ஓட்டை தெரியும்.

மொனாக்கோ நீங்கலாக ஒரு ஃபார்முலா 1 பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ 305 கிலோமீட்டர். ஆண்டுக்கு 20 பந்தயங்கள் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், பத்து ஆண்டுகள் ஓட்டிய ஒருவர் பந்தயங்களில் மட்டும் சுமார் 60,000 கிலோமீட்டரைத் தொட்டிருப்பார். பயிற்சி நேரமும் தகுதிச் சுற்றும் இதில் சேரவில்லை. புதிதாக வருபவரிடம் விதி கேட்பது என்ன? சூப்பர் லைசென்ஸ் எனும் ஃபார்முலா 1 ஓட்டுநர் உரிமம் பெற, கீழ்நிலைப் போட்டிகளில் எடுத்த 40 புள்ளிகளோடு, ஃபார்முலா 1 காரில் பந்தய வேகத்தில் 300 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் போதும். அது ஒரு பந்தயத்தின் தூரம்கூட இல்லை. 2025இல் சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டம் பஹ்ரைனில் மூன்றே நாட்கள் நடந்தது. அணிக்கு ஒரு கார், அதை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் ஆளுக்கு ஒன்றரை நாள்தான் கிடைத்தது. அனுபவசாலிக்கு அந்த ஒன்றரை நாள் புதிய காரைப் பழகுவதற்கு. புதுமுகத்துக்கோ காரையும் அணியின் பொறியாளர்களையும் ஃபார்முலா 1 என்ற தொழிலையும் சேர்த்துப் பழகுவதற்கு.

இந்த நிலை எப்போதும் இருந்ததில்லை. 2009 வரை பெரிய அணிகள் சோதனை ஓட்டத்துக்கென்றே தனிக் குழு வைத்திருந்தன. 2007இல் லூயிஸ் ஹாமில்டன் அறிமுகமானபோது அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க மெக்லாரன் காரில் ஓட்டிப் பழகியிருந்தார். முதல் ஒன்பது பந்தயங்களிலும் தொடர்ந்து முதல் மூன்று இடங்களுக்குள் வந்து போடியம் ஏறி, சாம்பியன் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டார். திறமை அவருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமை முதல் நாளே வெளிப்படுவதற்கு வழி செய்தது அந்தக் குளிர்காலம். செலவைக் குறைக்க வேண்டும் என்று 2009இல் சீசனுக்கு நடுவிலான சோதனை ஓட்டங்களுக்குத் தடை வந்தபோது, அதன் சுமை யார் தலையில் விழும் என்று அவ்வளவாக யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சில மாதங்களிலேயே அது தெரிந்தது. ஹங்கேரியில் முன்னால் சென்ற காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் ஹெல்மெட்டில் அடித்து ஃபெலிப்பே மஸ்ஸா படுகாயமடைந்தார். அவருக்குப் பதிலாக மைக்கேல் ஷூமாக்கரைக் களமிறக்க விரும்பிய ஃபெராரி, அவர் அந்த ஆண்டின் காரை ஒரு நாள் ஓட்டிப் பார்க்க மற்ற அணிகளின் சம்மதத்தைக் கேட்டது. வில்லியம்ஸ், ரெட் புல், டோரோ ரோஸ்ஸோ ஆகிய அணிகள் மறுத்துவிட்டன. வில்லியம்ஸ் சொன்ன காரணத்தை என்னால் இன்றும் மறுக்க முடியவில்லை: அதே ஹங்கேரியில் 19 வயதில் அறிமுகமான ஹைமே அல்குவேர்சுவாரிக்குக் கிடைக்காத வாய்ப்பு ஏழு முறை சாம்பியனுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கலாம்? கடைசியில் கழுத்துக் காயம் காரணமாக ஷூமாக்கரே பின்வாங்கிக்கொண்டார். அந்த இருக்கைக்கு வந்த லூகா பாடோயர் ஃபெராரியின் சோதனை ஓட்டுநராகப் பத்தாண்டுக் காலம் உழைத்தவர். ஆனால் தடையின் காரணமாக அந்த ஆண்டின் காரில் அவருக்குப் பழக்கமில்லை. வலென்சியா, ஸ்பா இரண்டிலும் தகுதிச் சுற்றில் கடைசி இடம். ஊரே சிரித்தது. இந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், நீண்ட காலம் பந்தயத்தில் இல்லாத மாற்று ஓட்டுநருக்கு ஒரு நாள் சோதனை ஓட்டம் என்ற விதிவிலக்கைச் சேர்த்தார்கள்.

அல்குவேர்சுவாரி அந்த ஹங்கேரி பந்தயத்தில் 15ஆவதாக, தம் அணியின் இன்னொரு காருக்கு முன்னால் முடித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் என் வாதம் கள்ளக் கணக்காகிவிடும். அதேபோல் 2024இல் ஜெத்தாவில், ஃபெராரி ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை என்றதும் கடைசிப் பயிற்சி நேரத்தில் ஃபெராரியில் ஏறிய 18 வயது ஆலிவர் பேர்மன், ஏழாவது இடத்தில் முடித்தார். முன்தயாரிப்பில்லாமல் தண்ணீரில் தள்ளினாலும் நீந்துபவர்கள் உண்டு. அதனால் எல்லாரையும் தள்ளிவிட்டுப் பார்ப்பதுதான் சரியான தேர்வு முறை என்று ஆகிவிடாது.

உண்மையில் எனக்கு உறுத்துவது புதுமுகத்துக்கும் அனுபவசாலிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைவிட, புதுமுகத்துக்கும் புதுமுகத்துக்கும் இடையிலானது. நடப்புக் காரில் தடை இருந்தாலும், சில ஆண்டுகளுக்கு முந்தைய காரை ஓட்டிப் பார்க்க அணிகளுக்கு அனுமதி உண்டு. 2024இல் மெர்சிடிஸ் இந்த வழியைப் பயன்படுத்தி, அடுத்த ஆண்டு அறிமுகமாகவிருந்த கிமி அன்டோனெல்லியைப் பல நாடுகளின் ஓடுதளங்களில் தன் பழைய கார்களில் நாட்கணக்காக ஓட்ட வைத்தது. ஆல்பைன் அதே முறையில் ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயிற்சி கொடுத்து, கடைசியில் அவரை மெக்லாரனிடம் பறிகொடுத்தது தனிக் கதை. பழைய காரைப் பராமரிக்கவும், தனிக் குழு அனுப்பவும், ஓடுதளத்தை வாடகைக்கு எடுக்கவும் வசதியுள்ள அணியின் புதுமுகம் பழுத்து வருகிறார். வசதியில்லாத அணியின் புதுமுகம் காயாகவே களத்துக்கு வருகிறார். பிறகு இருவரின் நேரத்தையும் ஒரே பட்டியலில் போட்டு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம்.

2025இல் இந்தப் பழைய கார் ஓட்டத்துக்கு ஒரு வரம்பு வந்தது: ஆண்டுக்கு மொத்தம் 20 நாட்கள், பந்தய ஓட்டுநர் ஒருவருக்கு நான்கு நாட்களுக்குள் 1,000 கிலோமீட்டர். நல்ல தொடக்கம்தான். ஆனால் இந்த 1,000 கிலோமீட்டர் வரம்பு 400 பந்தயங்களைக் கடந்த ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கும், அந்த ஆண்டுதான் அறிமுகமான கேப்ரியல் போர்டொலெட்டோவுக்கும் ஒன்றே என்பதுதான் வேடிக்கை. அலோன்சோவுக்கு அது உடற்பயிற்சி; போர்டொலெட்டோவுக்கு அது சோறு.

புதுமுகத்துக்கான கூடுதல் ஓட்டத்தை அணிகள் தங்கள் ஆதாயத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். புதுமுகத்தின் பெயரைச் சொல்லி நடப்புக் காரை ஓட்டவிட்டால், கிடைக்கும் தரவு அத்தனையும் பொறியாளர்களுக்குத்தான் போகும். அதனால்தான் பழைய கார், பழைய பாகங்கள் என்ற கட்டுப்பாடு அவசியம். மற்றபடி, சமமற்றவர்களுக்குச் சமமற்ற பங்கு என்ற கொள்கையை இந்த விளையாட்டு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. காரைச் சுற்றிக் காற்று பாயும் விதத்தை ஆராயும் காற்றியக்கச் சோதனைக்கு, முந்தைய ஆண்டின் சாம்பியன் அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதமும், பத்தாவது வந்த அணிக்கு 115 சதவீதமும் ஒதுக்கப்படுகிறது. பின்தங்கிய அணிக்கு இது நியாயம் என்றால், பின்னால் வந்த ஓட்டுநருக்கு மட்டும் ஏன் அநியாயமாகிறது?

வெள்ளிக்கிழமை முதல் பயிற்சி நேரத்தில் புதுமுகங்களை ஓட்டவிட வேண்டும் என்ற விதியைச் சிலர் பதிலாகச் சுட்டிக்காட்டுவார்கள். 2022 முதல் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை என்றிருந்தது, 2025இல் நான்கானது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் புதுமுகம் இன்னொருவரின் காரில் உட்கார்ந்திருக்கிறார். வேகமாகப் போனால் ஆபத்து, மெதுவாகப் போனால் அவப்பெயர். 2024இல் மான்சாவில் அன்டோனெல்லி முதல் சில நிமிடங்களிலேயே கடைசி வளைவில் ஜார்ஜ் ரஸ்ஸலின் காரைத் தடுப்பில் கொண்டுபோய் மோதினார்; அத்தனை நாள் பழைய காரில் பழகியவருக்கே அந்த நிலை. சிமுலேட்டரும் இதற்கு மாற்றாகாது. திரையில் மோதினால் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். கழுத்தை இழுக்கும் விசையும் வயிற்றைப் பிசையும் பயமும் அதில் வருவதில்லை.

மற்ற பந்தயங்கள் இதை இவ்வளவு சிக்கலாக்கிக்கொள்ளவில்லை. மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் சீசன் தொடங்கும் முன் செபாங்கில் நடக்கும் ஆரம்பக்கட்ட ஓட்டத்தில், சோதனை ஓட்டுநர்களோடு புதுமுகங்களும் கலந்துகொள்ளலாம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்துக்கு வரும் புதியவர் முதலில் மணிக்கு 205 முதல் 210 மைல் வேகத்தில் 10 சுற்று, அடுத்து 210 முதல் 215 வரை 15 சுற்று, அதற்கும் மேல் 15 சுற்று என்று படிப்படியாக ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு முறை ஃபார்முலா 1 சாம்பியனான அலோன்சோவே 2017இல் இந்தப் படிகளில் ஏறித்தான் உள்ளே போனார். அங்கே யாரும் அதைச் சலுகை என்று அழைக்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: கூடுதல் கிலோமீட்டர் அணியின் பணப்பையைப் பொறுத்து அமையாமல், ஓட்டுநரின் பெயரில் எழுதப்பட வேண்டும். முதல் சீசனுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரே தூரம், ஒரே ஓடுதளங்கள், பழைய கார். தனக்கென்று பழைய காரே இல்லாத புதிய அணி இன்னொரு அணியிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. 2025இல் லியாம் லாசன் ரெட் புல் அணிக்கு உயர்த்தப்பட்டார். முன்பு ஓட்டியிராத மெல்போர்னில் தகுதிச் சுற்றில் 18ஆவது; அடுத்து ஒரே ஒரு பயிற்சி நேரம் மட்டுமே கொண்ட ஷாங்காய் ஸ்பிரிண்ட் (குறும்பந்தயமும் சேர்ந்த) வாரத்தில் கடைசி. இரண்டே பந்தயங்களில் இருக்கை பறிபோனது. அவர் அதற்கு முன்பே 11 பந்தயங்கள் ஓட்டியிருந்ததால் விதிப்படி புதுமுகம் இல்லை. நான் சொல்லும் விதி அன்று நடைமுறையில் இருந்திருந்தாலும், லாசனுக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது.