வைஃபை 8 வரட்டும் என்று காத்திருக்கலாமா?

"அண்ணா, வைஃபை 8 வருதாமே, அதுவரைக்கும் பொறுத்து ரவுட்டர் வாங்கிக்கலாமா?" என்று தங்கை கேட்டாள். பொறுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

2006-இல் அவசரப்பட்டு வாங்கி நான் பட்டிருக்கிறேன். அப்போது வரவிருந்த புதிய வைஃபை தரமான 802.11என் வெறும் வரைவு. முதல் வரைவு, வைஃபை தரங்களை வகுக்கும் ஐ-டிரிபிள்-ஈ அமைப்பின் வாக்கெடுப்பில் தேவையான 75 சதவீத ஆதரவைக்கூடப் பெறவில்லை. ஆனாலும் 'டிராஃப்ட் என்' என்று அச்சடித்த பெட்டிகள் கடைக்கு வந்துவிட்டன. ஒன்றை வாங்கினேன். அதே கம்பெனியின் கார்டு செருகிய கணினியில் வேகம் பிரமாதம். வேறு கம்பெனி லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்தால் முந்தைய தரமான 802.11ஜி-யின் வேகத்துக்கு இறங்கிவிடும், சில நாள் இணைப்பே பிடிக்காது. இறுதித் தரம் வந்ததும் மென்பொருள் அப்டேட் தருவோம் என்று பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். மாதாமாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அப்டேட் கடைசிவரை வரவே இல்லை.

அப்படியானால் தரம் முழுதாக முடியும்வரை காத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்? அதுவும் இல்லை. 802.11என் இறுதியானது 2009 செப்டம்பரில். ஆனால் வைஃபை அலையன்ஸ் 2007-லேயே இரண்டாம் வரைவை அடிப்படையாக வைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சான்றிதழோடு வந்த கருவிகள் இறுதித் தரத்துக் கருவிகளோடும் ஒத்துப்போயின. சான்றிதழ் பார்த்து வாங்கியவர்களுக்கு இரண்டு வருடம் லாபம். நான் அதற்கும் முன்னால் வாங்கியதுதான் தப்பு.

இந்த இரண்டு அமைப்புகளின் வேலையும் வேறு வேறு. விதியை எழுதுவது ஐ-டிரிபிள்-ஈ. வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்துச் சோதிப்பது வைஃபை அலையன்ஸ். வீட்டில் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். அதற்குப் பிறகு வந்த தரங்களிலும் இதே கதை: வைஃபை 6-க்கான சான்றிதழ் 2019 செப்டம்பரில் தொடங்கியது, ஐ-டிரிபிள்-ஈ ஒப்புதல் 2021 பிப்ரவரியில். வைஃபை 7-க்குச் சான்றிதழ் 2024 ஜனவரியில், ஒப்புதல் அதே வருடம் செப்டம்பரில். வரைவின் கடைசிக் கட்டங்களில் அடிப்படை மாறுவது அபூர்வம். அதை நம்பித்தான் சிப் தயாரிப்பவர்கள் முன்கூட்டியே இறங்குகிறார்கள்.

இப்போது வைஃபை 8. சிப்கள் 2025-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டன, தரம் முடிவதற்கு வைத்திருக்கும் இலக்கு 2028. இதன் உச்ச வேகம் வைஃபை 7-ஐவிட அதிகம் இல்லை. சிக்னல் மெலியும் மூலைகளில் இணைப்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் முக்கிய நோக்கம். நல்ல நோக்கம், நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பலன் முழுதாகக் கிடைக்க ரவுட்டர் மட்டும் மாறினால் போதாது, கையில் இருக்கும் போனும் லேப்டாப்பும் மாற வேண்டும்.

பெட்டியில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 'ஏஎக்ஸ்3000' என்றால் உங்கள் போனுக்கு 3000 மெகாபிட் வரும் என்று அர்த்தம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டினால் 2976, அதைத்தான் 3000 ஆக்கியிருக்கிறார்கள். போன் ஒரு நேரத்தில் வழக்கமாக ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அந்த 2402-க்கும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். பல போன்கள் 80-ல் நின்றுவிடுகின்றன, அங்கே உச்சமே 1201தான். வைஃபை 7 என்று எழுதிய சில ரவுட்டர்களில் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே கிடையாது, அதனால் அதன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் சேனலும் இல்லை. பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால்தான் இது தெரியும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேகம் அல்ல. 2017 அக்டோபரில், வைஃபை இணைப்பைப் பூட்டிவைக்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் 'கிராக்' என்ற ஓட்டை வெளிவந்தது. போன், கணினி, ரவுட்டர் என்று பல கருவிகளுக்கும் திருத்தம் தேவைப்பட்டது. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கருவிகளுக்கு அந்தத் திருத்தம் வரவில்லை. அடுத்த ஓட்டை வரும்போது உங்கள் ரவுட்டர் எந்தப் பக்கம் இருக்கும்? புதிய தரத்துக்காக மூன்று வருடம் காத்திருப்பவர் அந்த மூன்று வருடமும் பழைய பெட்டியோடுதான் இருக்கிறார். வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படம், அலுவலகக் கோப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வருகிறது.

ஆக, தங்கையிடம் வைஃபை எண்ணைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தேடிப் பார்த்தேன். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குக் கடைசி அப்டேட் வந்தது 2019-இல். வீட்டில் இருக்கும் இரண்டு போன்கள் வைஃபை 6, லேப்டாப் வைஃபை 5. சான்றிதழும், டபிள்யூபிஏ2-க்கு அடுத்த பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-யும் உள்ள, எத்தனை வருடம் அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கும் ஒரு வைஃபை 6 ரவுட்டரை இந்த வாரமே வாங்கச் சொல்லிவிட்டேன்.