குரோமியக் கழிவை அள்ளிட்டா போதுமா?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் குரோமியக் கழிவு மேட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "லாரி வெச்சு அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க." கோபம் நியாயம். யோசனைதான் தப்பு என்பேன்.

தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை எழுபதுகளில் வந்தது, தொண்ணூறுகளின் நடுவில் மூடியாச்சு. விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். குரோம் தாதுவை சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்தால், சாதுவாக இருந்த குரோமியம் தண்ணீரில் கரையும் நச்சு வடிவத்துக்கு, அதாவது ஆறு இணைதிறக் குரோமியமாக மாறும். அதைக் கரைத்து எடுத்து, நம்ம தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய குரோம் உப்பு செய்தார்கள். ஆனால் முழுசாகக் கரைத்து எடுக்க முடியாது. வடிகட்டிய டீத்தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் மறுபடி சாயம் இறங்குமே, அப்படித்தான் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மஞ்சள் தண்ணீர் இறங்குகிறது. மண்ணும் அதைப் பிடித்து வைக்காது. நிலத்தடி நீர் போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு.

அள்ளினால் புழுதி பறக்கும். இந்தக் குரோமியத்தைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். பக்கத்து ஊரான புளியந்தாங்கல் வாசலில் வைத்து அந்த வேலையைச் செய்யணுமா? அப்புறம் கொண்டுபோய் எங்கே கொட்டுவார்கள்? இன்னொரு ஊர்க்காரன் தலையில்தானே! மேடு காலியானாலும் கீழே ஏற்கெனவே இறங்கிவிட்ட விஷம் அங்கேயேதான் இருக்கும்.

முதலில் மழை உள்ளே போகாமல் மேட்டைக் களிமண்ணும் ஷீட்டும் போட்டு மூடணும், சுற்றிலும் வாய்க்கால் வெட்டணும். நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் போர் போட்டுத் தண்ணியை இறைத்துச் சுத்திகரிக்கணும். நச்சை முறிக்க அன்னபேதி போதும், அதாவது இரும்பு சல்பேட். கரைகிற குரோமியத்தைக் கரையாததாக்கி அடியில் தங்க வைக்கும். கேட்க சுலபம். ஆனால் கழிவில் சுண்ணாம்புக் காரம் அதிகம், துகளுக்குள்ளே சிக்கியது மெதுவாகத்தான் கசியும். அடுத்த வாரம் எடுத்த சாம்பிள் பாஸாகும், சில மாதம் கழித்து மறுபடி மஞ்சள். அந்த முதல் சாம்பிளைக் காட்டி பில் பாஸ் பண்ணிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

காசு யார் கொடுப்பது? மாசுபடுத்தியவரே சரிசெய்யும் செலவையும் ஏற்கணும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் நம்ம வேலூர் தோல் ஷாப் வழக்கில். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் ஊர் பேரோடு மனப்பாடம் செய்கிற தீர்ப்பு. மூடிப்போன ஆலையிடம் யார் போய் வசூலிப்பது? அதே தோல் ஷாப் விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. இங்கேயும் அந்த வழிதான். வசூல் வழக்கு அதுபாட்டுக்கு நடக்கட்டும், வேலை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கிராம சபையில் நாம் கேட்க வேண்டியது எத்தனை லோடு போச்சு என்ற கணக்கை இல்லை. சுற்று வட்டாரக் கிணறு, போர் ஒவ்வொன்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த குரோமியம் அளவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டணும். நாலைந்து மழைக்காலம் அந்த அளவு வரம்புக்குள் நின்றால்தான் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை.