வடக்கு ஜன்னலில் வெயிலே விழாதா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சுற்றும் ஒரு குறிப்பு: “செக்கிங் டேபிளை வடக்கு ஜன்னலோரம் போடுங்கள், வருடம் முழுக்க நேர் வெயில் வராது. சுவருக்கு எந்தத் திசையானாலும் மொட்டைமாடி லக்ஸில் (வெளிச்ச அளவில்) பாதி.” இரண்டுமே தவறு.

முதல் பாதி ஐரோப்பாவுக்கு ஓரளவு சரி: அங்கே கோடைக் காலை மாலைகளில் மட்டும்தான் வடக்கே நேர் வெயில் விழும். திருப்பூரோ 11.1 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை சூரியன் நாள் முழுக்க வடக்குச் சுவர்ப் பக்கம்தான். ஜூன் 21 நண்பகலில் அதன் உயரம் 77.7 பாகை, ஒன்றரை அடி சன்ஷேடே கிட்டத்தட்ட 7 அடிக்கு நிழல் தரும். காலை ஏழரைக்கு அதே சன்ஷேடு காப்பது சுமார் ஒன்றரை அடிதான். பக்கவாட்டுத் தடுப்பு இல்லாமல் சாயம் ஒப்பிட்டால் நிற ஷேடு ஏமாற்றும்.

‘பாதி’ என்பது வானம் எங்கும் ஒரே பிரகாசமாக இருந்தால், அதுவும் வான ஒளிக்கு மட்டும். முழு மேகமூட்டத்தில் உச்சிவானம்தான் அதிகப் பிரகாசம். சுவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 40 சதவீதம்.

நேர் ஒளியைத் தனியாகப் போடுங்கள்: கதிருக்கு நேரெதிரே அளந்த லக்ஸ் × படுகோணத்தின் (சுவருக்குச் செங்குத்தான கோட்டுக்கும் கதிருக்கும் இடைப்பட்ட கோணத்தின்) கொசைன். 80,000 லக்ஸ் என்றால் டிசம்பர் 21 நண்பகலில் தெற்குச் சுவருக்கு 45,000, வடக்குக்குப் பூஜ்யம். ஜூன் 21-இல் வடக்குக்கு 17,000. கூடவே தரை எதிரொளி: மொத்தக் கிடைமட்ட லக்ஸ் × 0.2 (தரை திருப்பி அனுப்பும் பங்கு) × 0.5 (சுவர் பார்ப்பதில் பாதி தரை). சுண்ணாம்படித்த முற்றமானால் 0.2 போதாது.