வெளிச்சத்தை அளக்க மீட்டர் இருக்கிறது, காற்றுக்கு?

2017 டிசம்பர் 3. டெல்லி கோட்லா மைதானத்தில் இந்தியா–இலங்கை டெஸ்டின் இரண்டாம் நாள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து இலங்கை வீரர்கள் காற்று மாசுக்காக மாஸ்க் கட்டிக்கொண்டு ஃபீல்டிங்குக்கு வந்தார்கள். பந்துவீச்சாளர் லஹிரு கமகே மூச்சு முட்டுகிறது என்று ஓவரின் நடுவே நின்றுவிட்டார். ஆட்டம் 17 நிமிடம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கமகேவும் சுரங்க லக்மலும் வெளியே போக, மைதானத்தில் நிற்க 11 பேர் தேறவில்லை. 536 ரன்னில் கோலி டிக்ளேர் செய்தார்.

அன்றைக்கு நம்மில் பலர் அதை நாடகம் என்றோம். நானும் சொன்னேன். தமிழ்நாட்டுக்கு ஆடியவரும் அப்போது இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளருமான பரத் அருண், கோலி இரண்டு நாள் மாஸ்க் இல்லாமல்தானே ஆடினார் என்று கேட்டார். அப்போது அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. இப்போது அப்படி இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். முழு வேகத்தில் ஓடினால் அது நூறு லிட்டரைத் தாண்டும். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு நூற்றைம்பதுகூட வரும். அந்த வேகத்துக்கு மூக்கு போதாது, வாயால்தான் இழுக்க வேண்டும். பெரிய தூசியை மூக்கு பிடித்து நிறுத்தும், வாய்க்கு அந்த வேலை தெரியாது. பிஎம் 2.5 என்கிற நுண்துகளோ தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். அது நேராக நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். மூச்சுக்குழாய் எரிச்சலில் சுருங்கும். காலில் பலம் இருந்தும் மார்பு இறுகி மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். கேலரியில் இருப்பவர், கிரீஸில் நிற்பவர், இருபது மீட்டர் ஓடிவந்து பந்து போடுபவர் மூவருக்கும் காற்று ஒன்றுதான். உள்ளே போகும் அளவு ஒன்றல்ல.

நான்காம் நாள் லக்மல் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். அதே நாளில் நம்ம முகமது ஷமியும் எடுத்தார். அதற்கப்புறமும் நாடகம் என்று பேசியவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்துமா உள்ள எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலி கெப்ரசெலாசி, காற்றுக்குப் பயந்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானையே வேண்டாம் என்றார். ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதமே பெர்லின் மாரத்தானில் 2 மணி 3 நிமிடம் 59 விநாடியில் உலக சாதனை. ஓட முடியாதவர் சொன்ன சாக்கா அது?

2020 ஜனவரியில் மெல்போர்னில் காட்டுத்தீப் புகை. தகுதிச் சுற்றில் முன்னிலையில் இருந்த டென்னிஸ் வீராங்கனை தலிலா யாகுபோவிச் இருமி இருமி மண்டியிட்டு விழுந்து, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதன்பின் ஆஸ்திரேலிய ஓபன் ஒரு எண்ணை வைத்தது. பிஎம் 2.5 அளவு 200ஐத் தொட்டால் ஆட்டம் நிற்கும். யாரும் வாய்திறந்து முறையிட வேண்டியதில்லை.

கிரிக்கெட்டில் அது இல்லை. மழை, வெளிச்சம் போலக் காற்றையும் கணக்கில் எடுங்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் 2017லேயே கேட்டது. வெளிச்சம் குறைந்தால் நடுவர் மீட்டரை எடுத்துப் பார்க்கிறார். காற்று கெட்டால் ஆட்டத்தைத் தானாக நிறுத்தும் எண் ஒன்று கிடையாது. 2023 உலகக் கோப்பையிலும் அதே டெல்லி, நவம்பர் மாதம். வங்கதேசமும் இலங்கையும் பயிற்சியை ரத்து செய்தன, ஆனால் ஆட்டம் நடந்தது.

நான் வடசென்னையில் சின்னப் பசங்களுக்குப் பந்துவீச்சு சொல்லித்தருகிறேன். ஒருவன் பையில் இன்ஹேலர் இருக்கும். இரைப்பு வந்தாலும், "ஒண்ணுமில்ல சார், போடுறேன்" என்பான். சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவேனோ என்று பயம். அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பது தப்பு, அளந்து பார்த்து நான்தான் நிறுத்த வேண்டும். இப்போதெல்லாம் காலையில் போனில் காற்றின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்குக் கிளம்புகிறேன்.

இந்தப் போகிக்குப் பயிற்சி இல்லை என்று குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு அப்பாவிடமிருந்து போன். "மழையே இல்லையே சார், எதுக்கு லீவு?"