முப்பது வயதில் முதுமையா?

“300 ஆண்டுகளுக்கு முன் சராசரி ஆயுள் முப்பதுதான், ஆகவே அந்த வயதிலேயே மனிதர்கள் கிழவர்களாகிவிட்டனர்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியின் முற்பாதி ஏறக்குறைய சரி, பிற்பாதி தவறு. கைக்குழந்தையாகவே இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதே அந்தச் சராசரி. ஒரு குழந்தை பிறந்தவுடன் இறந்து, இன்னொன்று எழுபது வரை வாழ்ந்தால், முப்பத்தைந்தில் எவருமே இறக்காதபோதும் சராசரி 35 என்றே வரும். வால்மீனால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693-இல் வெளியிட்ட அட்டவணையில், தொடக்கத்திலிருந்த 1,000 பேரில் 598 பேர் 20 வயதிலும், 242 பேர் 60 வயதிலும் உயிருடன் உள்ளனர்; அதாவது, இருபதை எட்டியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் அறுபதையும் கண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் சராசரி ஆயுள் உயர்ந்ததற்குப் பெருங்காரணம் குழந்தை இறப்பு குறைந்ததே.