‘முன்னாடியே பிளான் பண்ணியிருக்கலாமே’ என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

ஊரில் இருக்கும் மாமா முதல் பக்கத்து அறை நண்பன் வரை, சித்திரை முதல் நாளன்று நான் விமானத்தைத் தவறவிட்ட கதையைக் கேட்ட அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "முன்னாடியே பிளான் பண்ணியிருக்கலாமே, தம்பி." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஐந்து நாள் பயணத்துக்கு மூன்று மாதம் திட்டமிட்டவனிடம் இதைச் சொன்னால் எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருக்கும் என்பதை ஒரு தடவை முழுதாகக் கொட்டிவிடுகிறேன்.

இந்தியாவிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு, ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக 2024 செப்டம்பரில் வந்தேன். ஈஸ்டர் விடுமுறையில் ஐரோப்பாவுக்குப் போய்வரலாம் என்று எங்கள் வகுப்பில் ஐந்து பேர் முடிவு செய்தோம். அவர்களில் அயர்லாந்துக்காரனும் போலந்துக்காரியும் செய்த ஆயத்தம், புறப்படுவதற்கு முந்தைய இரவு முதுகுப்பையில் நான்கு சட்டைகளைத் திணித்ததுதான். இன்னொருத்தி ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவாள். மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பதால் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமலே சுற்றலாம். நான்காமவன் யாழ்ப்பாணத்துக்காரன், இலங்கைப் பாஸ்போர்ட். விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "உந்த அலுவலே எனக்கு வேண்டாம் மச்சான், நீ போட்டு வா" என்று அன்றைக்கே விலகிக்கொண்டான். எங்கள் ஐவரில் புத்திசாலி அவன்தான் என்பது எனக்கு ஏப்ரலில்தான் புரிந்தது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த முறையும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

விதிப்படி பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். படிக்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் விண்ணப்பத்தை வாங்குவது தூதரகம் அல்ல, ஒப்பந்தம் எடுத்திருக்கும் தனியார் மையம். அந்த மையத்தில் ஸ்லாட் கிடைத்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஜனவரி பொங்கல் சமயத்திலிருந்து நான் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பும் இரவு படுப்பதற்கு முன்பும் அந்தத் தளத்தைத் திறந்து, சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மூடினேன். ஸ்லாட் திறந்தால் தகவல் சொல்லும் டெலிகிராம் குழுக்கள் மூன்றில் சேர்ந்தேன். அவற்றில் ஒன்றில் ஸ்லாட்டையே காசுக்கு விற்கிறவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி, மார்ச் 5 காலை ஒன்பதரை மணிக்கு லண்டனில் ஓர் இடம் கிடைத்தது. பிரசாதம் கிடைத்தவன் போலக் கையைக் கூப்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் செய்தேன்.

இனி காகிதங்கள். விசா கிடைக்கும் முன் டிக்கெட் வாங்கி ஏமாற வேண்டாம் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். போகவர டிக்கெட் முன்பதிவைக் காட்டு என்று அதற்கடுத்த பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே கிடக்கும் சந்தில்தான் விண்ணப்பத்தில் காட்டுவதற்கு மட்டும் உதவும் ‘டம்மி டிக்கெட்’ விற்கும் ஒரு தொழிலே பிழைக்கிறது. எனக்கு அந்த வம்பு வேண்டாம் என்று, பணம் திரும்பாத மலிவு டிக்கெட்டை ஒரு வழிக்கு 19 பவுண்டு வீதம் வாங்கினேன். தங்குமிட முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழகக் கடிதம், மூன்று மாத வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்தேன். வங்கிக் கணக்கில் அப்பா அனுப்பிய தொகை ஒரே நாளில் வந்ததுபோல் தெரிகிறதே, சந்தேகப்படுவார்களோ என்று பயந்து, அதற்கு ஒரு விளக்கக் கடிதமும் எழுதினேன். பெற்ற தகப்பன் பிள்ளைக்குப் பணம் அனுப்பியதற்கு விளக்கக் கடிதம்!

இரவுப் பேருந்தில் லண்டன் போய், பட்டியலின் வரிசைப்படி நான் அடுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்து, பைலில் கோத்துவைத்திருந்த எழுபத்திரண்டு தாள்களை அந்தக் கவுன்டரில் வைத்தேன். உள்ளே இருந்தவர் ஒரு சிறிய இரும்புக் கொக்கியை எடுத்து, ஒவ்வொரு பின்னாகப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டார். டிங், டிங் என்று அது விழும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பிறகு அதில் பாதித் தாள்களை "இது தேவையில்லை" என்று என்னிடமே தள்ளினார். நான் கொண்டுபோன புகைப்படத்தில் நெற்றியில் நிழல் விழுந்திருக்கிறதாம். பக்கத்திலேயே நின்ற இயந்திரத்தில் எட்டு பவுண்டு கொடுத்து வேறு படம் எடுக்கச் சொன்னார். அதிலும் அதே நெற்றி, அதே நிழல். ஆனால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசாக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனுக்கு முன்பு அது 80 ஆக இருந்தது. அதற்கு மேல் மையத்துக்கு ஒரு சேவைக் கட்டணம், பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப ஒரு கட்டணம், குறுஞ்செய்தி வர ஒரு கட்டணம். விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் திரும்பாது.

முடிவு சொல்ல 15 நாள் என்கிறது சட்டம். தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. என் பாஸ்போர்ட் 33 நாள் அவர்களிடம் இருந்தது. அந்த 33 நாளும் ஊரிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஏனென்றால் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, திடீரென்று கிளம்ப வேண்டிவந்தால் கையில் பாஸ்போர்ட் இல்லை. ஏப்ரல் 7 அன்று அது வந்தது. ஒருமுறை நுழைவு, தங்கும் நாட்கள்: 5. நான் கேட்டது ஐந்து, கொடுத்தது ஐந்து. ஒரு நாள் கூட்டிக் கொடுத்தால் ஐரோப்பா தேய்ந்துவிடும் போலிருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கு ஒரு சலுகை அறிவித்ததே, மூன்றாண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பலமுறை விசா என்று, அதுவும் இந்தியாவில் குடியிருந்து அங்கேயே விண்ணப்பிப்பவருக்குத்தான். படிக்க வெளியே வந்தவன் அந்தக் கணக்கில் இல்லை.

ஏப்ரல் 10 அன்று போகும்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. போர்டிங் பாஸில் ‘விசா சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையை வாங்க, பெட்டியே இல்லாத நான் பெட்டி போடுகிறவர்களின் வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றேன். விசாவே தேவைப்படாத ஈப்போக்காரியும் அதே முத்திரைக்காக என் பின்னால் நின்றாள் என்பதில் ஓர் அற்பத் திருப்தி கிடைத்தது. அங்கே போன பிறகு, வெயில் நன்றாக இருக்கிறது என்று அவள் மேலும் மூன்று நாள் தங்க முடிவு செய்ததும், ஐரிஷ்காரனும் போலந்துக்காரியும் சேர்ந்துகொண்டதும், காப்பி குடித்து முடிப்பதற்குள் நடந்தன. நான் மட்டும் ஏப்ரல் 14 அன்று தனியாகக் கிளம்பினேன்.

கதை அங்கேதான். 2024 செப்டம்பரில் எனக்குக் கொடுக்கப்பட்ட பிரித்தானியக் குடியிருப்பு அட்டையில் காலாவதித் தேதி 31-12-2024 என்று அச்சாகியிருக்கும். என் அனுமதியோ 2026 ஜனவரி வரை இருந்தது. ஆனால் அந்நாட்டு அரசு எல்லாவற்றையும் இ-விசாவாக, அதாவது அட்டை இல்லாமல் இணையத்தில் மட்டும் இருக்கும் அனுமதியாக, மாற்றப் போவதால், அட்டைகளில் அந்தத் தேதியைப் போட்டுவிட்டார்கள். மாற்றம் தடுமாறியபோது, காலாவதியான அட்டையையே காட்டி 2025 ஜூன் 1 வரை பயணம் செய்யலாம் என்று அந்த அரசே நாட்களை நீட்டியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. அட்டையில் அந்தத் தேதியின் மேல் நகத்தால் மூன்று முறை தட்டி, "முடிந்துவிட்டது" என்றார். விளக்கினேன். மேலதிகாரியை அழைத்தார். அவர் வந்து, அப்படியானால் ஷேர் கோட் காட்டு என்றார்; நம் அனுமதியை மற்றவர்கள் இணையத்தில் சரிபார்க்க அரசுத் தளம் கொடுக்கும் குறியீடு அது. ஷேர் கோட் அச்சிட்ட தாள் என்னிடம் இருந்தது! விசா விண்ணப்பத்துக்காக ஜனவரி 10 அன்று எடுத்தது. அதன் ஆயுள் 90 நாள். நான்கு நாள் முன்பு செத்திருந்தது.

புதிதாக எடுக்க வேண்டுமென்றால் தளத்துக்குள் நுழைய வேண்டும். நுழைய ஒரு எண் வரும். என் மலிவு சிம்மில் ரோமிங் கிடையாது. மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லலாம் என்று பார்த்தால், விமான நிலைய வைஃபையில் சேரவே கைப்பேசிக்கு ஒரு எண் அனுப்புவார்களாம். ‘எண் வர எண் வேண்டும்’ என்று அந்த இடத்தில் வாய்விட்டுத் தமிழில் கத்திவிட்டேன். பின்னால் நின்ற ஒரு தாத்தா, மொழி புரியாமலே, தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து என்னிடம் நீட்டினார். எண் வந்தது, ஷேர் கோட் வந்தது, தலையை நிமிர்த்தினேன். புறப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் முன்பு கவுன்டரை மூடிவிடுவார்கள், மூடிவிட்டார்கள்.

அந்தப் பெண் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. ஆவணம் இல்லாத ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்குப் பிரித்தானியா விதிக்கும் கட்டணம் ஆளுக்கு 2,000 பவுண்டு. அந்தப் பயத்தைச் சம்பளத்தோடு சேர்த்து அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். சட்டம் மாறியதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லையைக் காக்கும் வேலையைத் தூதரகம் தனியார் மையத்திடமும், அரசு விமான நிறுவனத்திடமும், விமான நிறுவனம் கவுன்டரில் நிற்பவரிடமும் தள்ளிவிடுகின்றன. ஒவ்வொரு கவுன்டரிலும் நேரமும் காசும் எடுத்துக்கொள்கிறார்கள். தவறு நடந்தால் மட்டும் ‘நீ முன்னாடியே பிளான் பண்ணியிருக்கலாமே’ என்று மொத்தமும் என் தலையில் வந்து விடிகிறது.

அன்றைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஏப்ரல் 14 என் ஐந்தாவது நாள். நள்ளிரவைத் தாண்டி அந்த நாட்டில் இருந்தால், அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியவன் என்ற பெயர் வரும். அடுத்த விசாவில் அது விடாமல் துரத்தும். அதனால், மறுநாள் காலை நாற்பது பவுண்டுக்கு ஒரு விமானம் இருந்தும், அன்றிரவே லண்டன் போகும் வேறு நிறுவனத்தின் விமானத்தில் 140 பவுண்டுக்கு டிக்கெட் எடுத்தேன். கல்லூரி நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் நான் வேலை செய்யக் கூடாது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, கணக்குப் போட்டால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பாத்திரம் கழுவிய காசு. அந்த டிக்கெட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. தாத்தாவின் ஹாட்ஸ்பாட் இன்னும் இணைப்பில் இருந்தது. மாங்காய்ப் பச்சடியையும் வடையையும் இலையில் வைத்துக் காட்டி, "புத்தாண்டும் அதுவுமா ஏர்போர்ட்ல என்னடா பண்ற, சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

லீட்ஸ் வந்ததும் அந்த முதல் விமான நிறுவனத்துக்கு, அரசின் ஜூன் 1 அறிவிப்பை இணைத்து, என் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். ‘பயணத்துக்குத் தேவையான ஆவணங்களை வைத்திருப்பது பயணியின் பொறுப்பு’ என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்த ஆவணம் என்னிடம் இருந்தது என்பதைத்தானே நான் எழுதியிருந்தேன் என்று மறுபடியும் எழுதினேன். 2025 மே 1 வரை பதில் இல்லை. அட்டை அப்போதும் என் பர்ஸில்தான் இருந்தது. அது செல்ல இன்னும் ஒரு மாதம் இருந்தது.