'வேக்' என்றால் எழுந்திருப்பது மட்டும்தானா?

சமூக அநீதிகளைப் பற்றி விழிப்போடு இருப்பவர்களை ஆங்கிலத்தில் 'வோக்' என்கிறார்கள்; 'வேக்' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. அதை ஒரு வசைச்சொல்லாக வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அது எந்த வாயிலிருந்து, எந்தப் பயத்தில் வந்தது என்று தெரிந்தால் அப்படிப் பேச மனம் வராது.

'வேக்' என்றால் தூக்கத்திலிருந்து எழுவது என்று பள்ளியில் படித்தோம். அது பாதிதான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. 'வக்கன்' என்றால் விழித்தெழுவது. 'வக்கியன்' என்றால் தூங்காமல் விழித்திருப்பது, காவல் காப்பது. பிற்பாடு இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. இறந்தகாலத்தில் 'வோக்', 'வேக்ட்' என்று இரண்டு வடிவம் இருப்பது அந்தக் கலப்பின் மிச்சம்.

எனக்கு நெருக்கமானது இரண்டாவது பொருள்தான். நாம் தினமும் கூப்பிடும் 'வாட்ச்மேன்' அந்தக் குடும்பத்துச் சொல்தான். அயர்லாந்தில் இறந்தவரின் உடலைத் தனியே விடாமல் உறவும் ஊரும் ராத்திரி முழுக்கக் கூடி இருப்பதற்கும் 'வேக்' என்றே பெயர். சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, 'வோக்'? 1931-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது, ரயிலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகப் பொய்க் குற்றச்சாட்டு. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்த எட்டுப் பேருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்பது இதுதான். தண்டனை நிறைவேறவில்லை, ஆனால் அவர்களுடைய இளமை சிறையில் போனது. அவர்களைப் பற்றிப் பாடிய கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, 1938-ல் செய்த பதிவின் முடிவில் பேசுகிறார்: அலபாமா பக்கம் போகிறவர்கள் கவனமாக இருங்கள், விழித்திருங்கள், கண்ணைத் திறந்தே வையுங்கள் என்று. 'ஸ்டே வோக்' என்பதுதான் அவர் வாயில் வந்த சொல். பழைய 'வக்கியன்' அப்படியே உயிரோடு நிற்கிறது அதில்!

அநீதியைப் பற்றி விழிப்போடு இருப்பது என்ற இந்தப் பொருளை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்துக்கொண்டது 2017-ல். அதற்குள் அந்தச் சொல் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டது.

தமிழில் இதை 'விழிப்புணர்வு பெற்றவர்' என்று எழுதுவதும் எனக்கு ஒட்டவில்லை. முகாம் பேனர்களில் தேய்ந்துபோன சொல் அது. நம்மிடம் கண்ணுக்கும் விழி, தூக்கம் கலைவதற்கும் விழி. அதனால் 'விழித்திரு' என்று சொன்னாலே லெட் பெல்லி சொன்னது முழுக்க வந்துவிடும். ராத்திரி பஸ் ஏறும் பிள்ளையிடம் "தூங்கிடாத, பார்த்துப் போ" என்று அம்மா சொல்கிற குரல் அது.